மயில் கழுத்து நீலம்

துளசிமணி தூங்கியதும் நாச்சிமுத்து சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தார். மூன்று மாதமாக இதே நேரம், இதே திருட்டு. மதியச் சோறு உண்டு, மாத்திரையைப் போட்டு, மின்விசிறிக்கு நேராகப் பாயில் சாய்ந்தாள் என்றால் இரண்டிலிருந்து நாலு மணி வரை அவளுக்குத் தூக்கம். கட்டிய பெண்டாட்டியின் கத்தியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்து, புழக்கடைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்தார் அவர். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய தீட்டுக்கல் கிடந்தது, நடுவில் குழிந்து, கன்றுக்குட்டியின் முதுகு மாதிரி. எதிரே தகரக் கொட்டகையில் அவருடைய சாணை மெஷின், கோணிச்சாக்கு போர்த்தி. அதைப் போட்டால் தெருவே எழுந்துகொள்ளும், அவளும் எழுந்துகொள்வாள், அதனால் அந்தப் பக்கம் போவதில்லை. கல்லில் கத்தியைப் படுக்க வைக்காமல் நட்டமாக நிறுத்தி, வாய் கல்லில் படும்படி ஒரு இழுப்பு இழுத்தார். பல் கூசியது. இன்னொரு இழுப்பு. ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்துநாலு வருஷம் உளிக்கும் கட்டருக்கும் கூர் வைத்துச் சம்பளம் வாங்கிய மனுஷன், கடைசிக் காலத்தில் கூரைக் கெடுக்கிற வேலையை ஒளிந்து ஒளிந்து செய்கிறார். எவ்வளவு கெடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு நாளும் மனசு சிக்கிக்கொள்ளும். வெண்டைக்காயை அறுக்க வேண்டும், விரலை அறுக்கக் கூடாது. அப்படி ஒரு கூர் உலகத்தில் எங்காவது உண்டா? டூல் ரூமில் எத்தனையோ வரைபடம் பார்த்திருக்கிறார், எத்தனையோ டிகிரியில் கூர் வைத்திருக்கிறார், இப்படி ஒரு டிகிரியை எந்த என்ஜினியரும் போட்டுக் கொடுத்ததில்லை. போட்டுக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, வெண்டைக்காய்க்கும் விரலுக்கும் கத்திக்கு வித்தியாசம் தெரியாது, இப்போது அவளுக்கும் தெரியவில்லை. மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும், கூர் இருந்தால் காய்க்குள் இறங்கும், கூர் இல்லாவிட்டால் தோலில் வழுக்கி விரலுக்கு வரும், அவள் மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு இது தெரியாது, "ஷார்ப்பா எதையும் வீட்ல வெக்காதீங்க" என்று எழுதாத குறையாகச் சொல்லிவிட்டார், மகள் பிரபாவதிக்கும் தெரியாது, ஓசூரிலிருந்து போனில் டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள். தெரிந்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான். தெரிந்தும் இழுத்துக்கொண்டிருக்கிறார். தெரியாதவர்களுக்குப் பாவம் இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது, கூடவே கை நின்றது.

இன்று காலை வெட்டிக்கொண்டாள். இடது ஆள்காட்டி விரல், சின்னக் காயந்தான், பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. ஆனால் வெட்டியது அவர் மழுக்கிய மொண்ணை. வழக்கமாக இப்படித்தான் நடக்கும்: இரண்டு மணிக்கு அவர் மழுக்குவார், நாலு மணிக்கு அவள் எழுந்து வருவாள், கத்தியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள், வழுக்கும், "எந்தப் பாவி இதக் கொண்டுபோய்த் தேங்கா ஒடச்சான்?" என்று வைவாள், கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் தீட்டத் தொடங்குவாள். பேர் மறந்து போய்விட்டது, பெற்ற மகள் மறந்து போய்விட்டாள், உண்டோமா உண்ணவில்லையா என்பது மறந்து போய்விட்டது, அந்தக் கை மட்டும் மறக்கவில்லை. கத்தியைக் கல்லோடு எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், இம்மி பிசகாது. அவர் இரண்டு மணி நேரம் கெடுத்ததை அவள் இருபது நிமிஷத்தில் நேராக்கிவிடுவாள். மறுநாள் மறுபடியும். செக்குமாடாவது ஏதோ எண்ணெய் ஆட்டிக் கொடுக்கிறது. ஆனால் நேற்று அவள் தீட்டவில்லை. அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வேறு வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று நாலு மணிக்கு வந்தாள், கத்தியை எடுத்தாள், கல்லுக்கு முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவரைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, இந்தக் கல்லு எதுக்குங்?" என்றாள். ஒரு நாள்தானே. ஒரு நாள் யாருக்கும் தவறும். ஆனைக்கும் அடி சறுக்கும். வெயிலாக இருந்திருக்கும், தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும். தீட்டாத கத்தியோடு காலையில் பூசணி அறுக்க உட்கார்ந்தாள், தோலில் வழுக்கியது. அவ்வளவுதான். அவ்வளவுதானா? 'அண்ணா' என்கிறாள். சொந்த அத்தை பெண், கட்டி வந்த நாளிலிருந்து முப்பத்தேழு வருஷம் 'மாமா' என்று கூப்பிட்டவள், ஒரு வருஷமாகத் தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி அண்ணா என்கிறாள். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். மரியாதையாகச் சொல்கிறாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பிரபாவதி வருகிறாள். போன முறை, துளசிமணியின் உள்ளங்கையில் ஏழு தையல் போட்டபோதே சொல்லிவிட்டாள்: "அப்பா, நான் ஒண்ணும் கல்லு நெஞ்சுக்காரி இல்லீங். இன்னொரு காயம் இருந்துச்சுன்னா நான் சொல்றத நீங்க கேக்கோணும். அந்த ஹோம்ல நர்ஸ் இருக்கறாங்க, நல்லாப் பாத்துக்குவாங்க." அவரும் சரி என்றார். பிளாஸ்திரியைப் பார்த்த உடனே பெட்டியைக் கட்டுவாள். கட்டட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது, உனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது, இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாளாயிற்று? இன்னொரு மனசு, அங்கே போனால் அவள் கையில் கத்தி கொடுப்பார்களா என்று கேட்கிறது. கொடுக்க மாட்டார்கள். ஒளித்து வைத்துப் பார்த்தாயிற்று இங்கேயும். முதல் முறை கத்திகளை எல்லாம் பீரோவுக்குள் பூட்டிவிட்டார். அவள் அன்று முழுக்க டப்பா டப்பாவாகத் திறந்து தேடினாள், காயை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், குழந்தை பசியில் அழுகிற மாதிரி இல்லை, பசிக்கிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தாய் அழுகிற மாதிரி. சாயந்திரம் பார்த்தால் பவுடர் டப்பாவின் மூடியைப் பிய்த்து அந்தத் தகரத்தால் கத்தரிக்காய் அறுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கீறல். அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்து பெரிய கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார், கொடுத்த உடனே அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தார், இனிமேல் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தார். முடிவு செய்வதற்கு என்ன, சுலபமாகச் செய்துவிடலாம். போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவரை அவள் திரும்பிப் பார்த்து, "எவன்டா நீ? ஆளில்லாத ஊட்டுக்குள்ள பூந்துட்டு?" என்று கத்தியை ஓங்கினாள். முந்தின நாள் சாயந்திரம் அவளே தீட்டிய கத்தி. நகத்தில் வைத்தால் நிற்கும். சொம்பும் கையுமாக நின்றார் நாச்சிமுத்து. உயிருக்குப் பயப்படவில்லை, சத்தியமாகப் பயப்படவில்லை, போகிற உயிர் அவள் கையால் போனால் போகட்டும். குத்தின பிறகு அவளுக்கு ஒரு நிமிஷம் நினைவு திரும்பிவிட்டால்? அந்த ஒரு நிமிஷம் கீழே கிடப்பது யார் என்று தெரிந்துவிட்டால்? அதை நினைத்தபோதுதான் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார். 

கத்தியைத் திருப்பிப் பார்த்தார். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது, அன்னூர்ப் பக்கம் ஒரு கொல்லன் லாரி வில்பட்டையில் அடித்துக் கொடுத்தது. வந்தபோது மூன்று விரல் அகலம் இருந்தது, இப்போது ஒன்றரை விரல். அதில் ஒரு விரல் அகலத்தைத் தின்றது அவள் கல் இல்லை, அவர் மெஷின்தான். கல்யாணமாகி மூன்றாவது மாதம். புதுப் பெண்டாட்டிக்கு முன்னால் தொழிலைக் காட்ட வேண்டும் என்று வெறி, வேறென்ன. சாப்பாட்டு மணியில் கத்தியைப் பைக்குள் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். சக்கரத்தில் தொட்டு எடு, தண்ணீரில் முக்கி எடு, இது முதல் நாள் பாடம், பையன்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பார். சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும், போர்மேன் பார்த்துவிடக் கூடாது, முக்காமல் இழுத்துவிட்டார். சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, நீலம் வந்துவிட்டால் முடிந்தது, எஃகின் உரம் போய்விட்டது, அதற்கு மேல் எவ்வளவு தீட்டினாலும் இரண்டு தக்காளிக்கு மேல் கூர் நிற்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சாயந்திரம் அவள் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏனுங் மாமா, இதென்ன மயில் கழுத்தாட்ட நீலமா இருக்குது? எரிச்சுப்போட்டீங்ளா?" என்றாள். அழவில்லை. "உங்க மெசினு நிமிசத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்?" என்று கேட்டாள். "ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றார் கொஞ்சம் பெருமையாகவே. "அத்தனை அவசரம் எதுக்குங்? கத்தி எந்தூருக்குப் போவோணும்?" அவ்வளவுதான், அன்றைக்குத் தொடங்கிய வழக்கு. ஆறு மாதம் தினம் கொஞ்சமாக அந்த நீலத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து எடுத்து, அடியில் கிடந்த நல்ல எஃகைப் பிடித்தாள். அதற்கப்புறம் அவர் நிழலைக்கூடக் கத்தியின் மேல் விடவில்லை. "நீ ஒரு கத்தி தீட்டறதுக்குள்ள நான் நூறு கட்டர் முடிச்சுருவேன்" என்பார். "முடிச்சுட்டு என்ன பண்ணுவீங்? மரத்தடில உக்காந்து பீடி குடிப்பீங்" என்பாள். ஓய்வு பெற்றபோது கம்பெனி கழித்துப் போட்ட இந்தச் சாணை மெஷினை அவர் வீட்டுக்குக் கொண்டுவர, அவள் அதைக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வர விடவில்லை. மொபெட்டில் மெஷின் கட்டிக்கொண்டு சாணை பிடிக்கிறவன் தெருவுக்குள் வந்தால், வாசலுக்கே போய், "இந்த ஊட்ல ஏற்கெனவே ஒரு மெசின்காரரு இருக்கறாருங், போயிட்டு வாங்" என்று அனுப்பிவிடுவாள். தெருவே சிரிக்கும். அவருக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டார். காட்டியிருக்கலாம். ஒரு நாளாவது, நீ சொன்னதுதான் சரி புள்ள, கல்லுக்குப் பக்கத்தில் மெஷின் நிற்காது என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால், "அப்படிங்ளாண்ணா?" என்பாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை மாதிரிதான் வந்தது, கேடுகெட்ட யோசனைகள் எல்லாம் அப்படித்தான் வரும். எரித்துவிட்டால் என்ன? நாலு மணிக்கு அவள் எழுந்து தீட்டுவாள், கூர் வராது, வந்தாலும் நிற்காது, மறுபடியும் தீட்டுவாள். அறுக்கிற நேரம் குறையும், தீட்டுகிற நேரம் கூடும். தீட்டும்போது அவள் ஒரு நாளும் வெட்டிக்கொண்டதில்லை. ஆறு மாதத்துக்கு வேலை. ஆறு மாதம் அவள் இங்கேயே இருக்கலாம், பிரபாவதியிடம் கத்தியைக் காட்டலாம், பார் கண்ணு, இதில் வெண்ணெய்கூட அறுபடாது என்று சொல்லலாம். ஆறு மாதத்துக்கு அப்புறம்? அப்புறம் அப்புறந்தான். ஆனால் நேற்று அவள் கல்லைப் பார்த்து எதுக்குங் என்று கேட்டாளே? ஒரு நாள்தானே. ஆனால் கேட்டாளே? வாயை மூடு என்று தன்னையே வைதுகொண்டு நாச்சிமுத்து எழுந்தார், முழங்கால் கடக்கென்றது. கோணிச்சாக்கை இழுத்துப் போட்டார், சத்தத்துக்கு அவள் எழுந்தால் எழுந்துகொள்ளட்டும். அவள் கையில் மிஞ்சியிருக்கிற ஒரே வித்தையைப் பொய்யாக்கப் போகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பார்வையற்றவனிடம் செல்லாக் காசைக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தெரிந்தேதான் சுவிட்சைப் போட்டார்.

மெஷின் முதலில் உறுமி, பிறகு கூவி, பிறகு ஒரே சீராக நின்றது. அந்தச் சத்தம் உடம்புக்குள் புகுந்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. தோள் தானாகத் தாழ்ந்தது, முழங்கை இடுப்பில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் டப்பா பக்கத்திலேயே இருந்தது, அதைக் காலால் தள்ளி வைத்தார். சக்கரத்துக்குக் கத்தியைக் கொடுத்தார். பொறி சிதறியது. முக்க வேண்டும் என்று கை துடித்தது, அடக்கினார். வைக்கோல் நிறம் வந்தது. பழுப்பு வந்தது. போதும் என்றது முப்பத்துநாலு வருஷம். கத்தரிப்பூ வந்து வாய் நெடுக ஓடி, அதன் பின்னாலேயே நீலம் வந்தது, எத்தனை அழகு அந்த நீலம், கெட்டுப்போவது இவ்வளவு அழகாக இருக்கக் கூடாது. காதுக்குள் மெஷின் இரைந்துகொண்டிருந்ததால் அவள் கூப்பிட்டது முதலில் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்தார், சக்கரம் ஓய்ந்துகொண்டே சுற்றியது.

"மாமா!"

புழக்கடைக் கதவில் நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது, முந்தானை தரையில் புரண்டது, கண் மட்டும் நேராக இவரைப் பார்த்தது. இவரை. வேறு யாரையும் இல்லை.

"மறுக்காவும் எரிச்சுப்போட்டீங்ளா? ஒருக்காப் பட்டது பத்தாதுங்ளா உங்குளுக்கு? தண்ணி எங்கீங்? தண்ணில முக்கோணும்னு நாஞ் சொல்லித் தரோணுமா?"

"அவசரத்துல பண்ணிப்போட்டேன் புள்ள" என்றார் நாச்சிமுத்து. 

"எப்பப் பாரு அவசரம். என்ற கத்திய உங்ககிட்ட யாரு குடுத்தா?" அவள் வந்து பிடுங்கிக்கொண்டாள். நீலத்தின் மேல் விரலை ஓட்டினாள். "இது போறதுக்கு ஆறு மாசம் ஆகும், தெரியுங்ளா?"

"ஆகட்டும் புள்ள. ஆகட்டும்."

"ஆகட்டுமாம்! மூஞ்சியெல்லாம் கரி. கழுவுங் போங். காப்பி வெக்கறேன்." கத்தியோடு உள்ளே போனாள்.

அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, போனால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது. மரத்தில் உட்கார்ந்த மைனாவைப் பார்க்கிறவன் மூச்சை அடக்கிக்கொள்வதைப் போல நின்றார். மாமா என்றாள். ஒரு வருஷம் கழித்து மாமா என்றாள். டாக்டர் போட்டோக்களைக் காட்டச் சொன்னார், காட்டினார், கல்யாணப் போட்டோவைப் பார்த்து 'ரண்டு பேரும் நல்ல சோடிங்' என்றாள். பாட்டுப் போட்டார், மகளைப் பேசச் சொன்னார், மருதமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கும் திரும்பாதவள் ஒரு கெட்ட வேலைக்குத் திரும்பிவிட்டாள். அன்பாக இருந்ததெல்லாம் போய்விட்டது, செய்த தப்பு மட்டும் அவளுக்குள் எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது. இருக்கட்டும், தப்புக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், தினம் வையட்டும், பிரபாவதி நாளைக்கு வரும்போதும் வையட்டும். காப்பி வாசனை வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அடுப்புப் பற்றவைக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் நிரம்புகிற சத்தம். தேடுகிறாள், சர்க்கரை டப்பாவைத் தேடுகிறாள். இன்னும் தேடுகிறாள். ஒரு காப்பி வைக்க எவ்வளவு நேரமாகும்? தெரிந்துகொள்ளாமல் இங்கேயே நின்றுவிட்டால் அவள் உள்ளே காப்பி வைத்துக்கொண்டே இருப்பாள். சாயந்திரம் வரைக்கும்கூட நிற்கலாம். ஆனால் கால் நடந்துவிட்டது.

முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கத்தி மடியில். அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தாள்.

"வாங்ண்ணா. உக்காருங். அவரு கம்பெனிக்குப் போயிருக்கறாருங். நாலரைக்கு வந்துருவாரு."

"சரிங்கம்மா" என்றார்.

சமையலறைக்குப் போனார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. தட்டில் சின்னக் கத்தி இருந்தது, தேர்த்திருவிழாக் கடையில் வெங்காயத்துக்கென்று அவள் வாங்கியது, நல்ல எஃகு, கல்லில் மட்டுமே பட்டது. அதை எடுத்துக்கொண்டார். தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய், யோசித்துக்கொண்டேதான் நடந்தார். இனி மழுக்குவதற்காக இல்லை, பிரபாவதிக்காக இல்லை, விரலுக்காகவும் இல்லை. இன்னொரு தடவை அவளிடம் வசவு வாங்குவதற்காக. வெட்கம் பிடுங்கித் தின்றது, மெஷின் ஓடியது. தொட்டதும் பொறி பறந்தது, கத்தி மெல்லியது, நாலே இழுப்பில் நீலம் ஏறிவிட்டது, அவர் பார்க்கவில்லை, கண் முழுக்கக் கதவிலேயே இருந்தது. வா புள்ள. வந்து கேள். தண்ணி எங்கீங் என்று கேள்.

வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கொட்டகை வரைக்கும் வந்தாள். அவர் மெஷினை அணைத்துச் சக்கரம் நிற்கும் வரை காத்திருந்து, கத்தியை நீட்டினார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா, மயில் கழுத்தாட்ட இருக்குதுங். நல்லாப் பண்ணீருக்கறீங்ண்ணா. கூலி எவ்வளவுங்?"

நகத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் காலடியில் கல் கிடந்தது, அதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு நின்றாள், நடுவழியில் யாரோ போட்டுவிட்டுப் போன கல்லைச் சுற்றுகிற மாதிரி. பிளாஸ்திரி ஒட்டிய விரல் அந்த நீலத்தின் மேல் போய் வந்தது.

"எங்கிட்டக் காசு இல்லீங். அவரு வந்தாத்தான். சித்த உக்காருங்ண்ணா, இப்ப வந்துருவாரு."

"வரட்டுங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. "வந்ததும் வாங்கிக்கறேன்."

அவள் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கி மெஷின் மேல் வைத்தார். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சந்துப் பக்கத்துக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இடம் விட்டு அவரும் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்தார். நாலரை ஆக இன்னும் நேரம் இருந்தது.